பூங்காவில் கயிறில்லாமல் ஓடிவரும் நாயைச் சுடலாமா? சிங்கப்பூர்ச் சட்டம் சொல்வது

சுடக் கூடாது. துப்பாக்கிக்கு மட்டுமல்ல, காற்றுத் துப்பாக்கி, கவண், அம்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நாயை அவிழ்த்துவிட்டவர் செய்தது குற்றம். அதற்குரிய அபராதம் அவரைச் சேரும். அந்த நாயைச் சுடுகிறவரோ தம் பேரில் தனியாக ஒரு வழக்கைத் தேடிக்கொள்கிறார். அது நாய்க்காரர் மீதுள்ள வழக்கைவிடப் பல மடங்கு பெரியது.

நாய்க்காரர் பக்கம் என்ன விதி? பொது இடத்துக்கு வரும் நாய் கயிற்றோடுதான் வர வேண்டும். பூங்கா, பூங்கா இணைப்புப் பாதை, புளோக்கின் கீழ்த்தளம், தாழ்வாரம் எல்லாமே பொது இடம். மீறினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். “எங்க நாய் கடிக்காது” என்பது விதிவிலக்கு அல்ல. அவிழ்த்துவிடுவதற்கென்றே பிஷான்-அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் வேலி போட்ட திடல்கள் இருக்கின்றன.

சில இனங்களுக்குக் கட்டுப்பாடு கூடுதல். பிட்புல், அகிட்டா, டோசா, ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவையும் அவற்றின் கலப்பினங்களும் இந்தப் பட்டியலில் வரும். வெளியே வரும்போது கயிற்றோடு வாய்க்கவசமும் போட்டிருக்க வேண்டும். உரிமையாளர் குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கடிபட்டவருக்கு இது முக்கியமான தகவல், ஆனால் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி சுடுகிறவர் பக்கம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால் அதே சட்டம் மரண தண்டனை விதிக்கிறது. பூங்காவில் நடக்கும் ஒரு சச்சரவுக்கு யாரும் போய் நிற்கக் கூடாத இடம் அது. ஆயுதம் எதுவானாலும், விலங்கைத் துன்புறுத்துவதற்கு விலங்குகள், பறவைகள் சட்டத்தில் முதல்முறைக் குற்றவாளிக்கு 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 30,000 வெள்ளி, 3 ஆண்டு வரை போகும். வளர்ப்பு நாய் சட்டத்தின் பார்வையில் இன்னொருவரின் உடைமை. ஆகவே அதைக் கொல்வதும் ஊனமாக்குவதும் தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவிலும் வரும்.

அப்படியானால் நாய் பாய்ந்து கடிக்கும்போது கைகட்டி நிற்க வேண்டுமா? இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமல், பெரிய தீங்கைத் தடுப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது என்கிறது தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவு. குழந்தையின் காலைக் கவ்விய நாயைக் குடையால் அடிக்கிறீர்கள், உதைக்கிறீர்கள், கழுத்துப் பட்டையைப் பிடித்து முறுக்கி இழுக்கிறீர்கள்: இதற்கெல்லாம் இந்தப் பிரிவு துணை நிற்கும். சிக்கல் வருவது பெரும்பாலும் அடுத்த நிமிடத்தில். நாய் விட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திப்போய் அடிப்பதும், மறுநாள் கல்லோடு காத்திருப்பதும், நஞ்சு கலந்த தீனி வைப்பதும் தடுப்பு ஆகாது, பழிவாங்கல். நாய் குரைத்தது, பக்கத்தில் ஓடிவந்து மோந்து பார்த்தது என்பது மட்டும் அடிப்பதற்குப் போதுமான காரணமும் அல்ல.

நாய் நேராக ஓடிவந்தால் நீங்களும் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அசையாமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம். பையையோ குடையையோ உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். “நாயைக் கட்டுங்க!” என்று உரிமையாளரிடம் உரக்கச் சொல்லுங்கள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, சைக்கிளையே தடுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுக்க வேண்டிய இடம் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. தொலைபேசி எண் 1800-476-1600. ஒன்சர்விஸ் செயலியிலும் அனுப்பலாம். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் போலீசுக்கு 999, காயம் கடுமையாக இருந்தால் ஆம்புலன்சுக்கு 995.

“பூங்காவில் ஒருவர் நாயை அவிழ்த்துவிடுகிறார்” என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நாள், நேரம், பக்கத்து விளக்குக் கம்பத்தில் உள்ள எண் மூன்றையும் குறித்துக் கொடுங்கள். காணொளி எடுப்பதானால் தொடக்கத்திலேயே எடுங்கள். கூச்சல் கேட்டதும் உரிமையாளர் ஓடிவந்து கயிற்றை மாட்டிவிடுவார், அதற்குப் பிறகு எடுத்த படத்தில் நல்ல பிள்ளையாக ஒரு நாய் நிற்கும். நாயும் ஆளும் ஒரே படத்தில் வரட்டும், ஆளின் கையில் கயிறு சும்மா தொங்குவதும் தெரியட்டும். அதே ஆள் தினமும் அதே நேரத்தில் வருகிறார் என்றால் அதையும் எழுதுங்கள், அதிகாரிகள் அந்த நேரத்துக்கே வந்து பார்க்கலாம். படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுத் திட்டுவது புகார் ஆகாது; அது உங்களுக்கே வேறு வம்பைக் கொண்டுவரலாம்.

கூட ஆளே இல்லாமல் திரியும் தெருநாய் என்றால் அதே எண்தான். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தகுந்த இடத்தில் திரும்ப விடும் திட்டம் 2018 முதல் நாடு முழுதும் நடக்கிறது. எனவே நாயைப் பார்த்த இடத்தைச் சரியாகச் சொன்னால் போதும்.

கடித்துவிட்டால் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் 1953இலிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனாலும் டெட்டனஸ் ஊசியும் கிருமித்தொற்றுக்கான மருந்தும் தேவைப்படலாம். விடுமுறைக்கு இந்தியாவுக்கோ இந்தோனீசியாவுக்கோ போன இடத்தில் கடிபட்டால் கதையே வேறு. ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும்.

மருத்துவச் செலவைக் கேட்க, உரிமையாளரின் பெயரும் தொடர்பு எண்ணும் வேண்டும். பட்டியலில் உள்ள இனமானால் காப்புறுதி விவரத்தையும் அங்கேயே கேளுங்கள். உடற்காயத்துக்கான இழப்பீட்டைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் கேட்க முடியாது. 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். கடிபட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதுவரை மருந்தக ரசீதுகள், மருத்துவ விடுப்புச் சான்றிதழ், முதல் நாளே எடுத்த காயத்தின் படம், புகார் எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.