நூறு வரை எழுத வைத்தால் விரல்களுக்குப் பலம் வராது

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆடி முடிவதற்குள், எல்.கே.ஜி. பிள்ளைகளின் பெற்றோர் ஒரே விதமான புகார்களுடன் வரத் தொடங்கிவிடுகிறார்கள். "இரண்டு வரி எழுதினால் கை வலிக்கிறது என்கிறான்", "எல்லாம் தெரியும், எழுதத்தான் சோம்பேறித்தனம்", "மூன்றைத் திருப்பிப் போடுகிறாள், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடா?" எழுதுவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுதான் என் வேலை. ஆனாலும் அண்மையில் வந்த ஒரு சிறுவனின் கணக்கு நோட்டைப் பார்த்த பிறகு, இதைக் கொஞ்சம் உரக்கவே எழுத வேண்டியிருக்கிறது.

அவனுக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. தினமும் 1 முதல் 100 வரை எழுதிவர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். விரல்களுக்குப் பலம் வரட்டும் என்று வீட்டில் இன்னொரு முறையும் எழுத வைக்கிறார்கள். 1 முதல் 100 வரை எழுதுவதில் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா? 192. அதாவது பத்தே பத்து வடிவங்களை ஒரு பிஞ்சுக் கை ஒரே அமர்வில் 192 முறை போட வேண்டும். என் முன்னால் எழுதச் சொன்னபோது, கட்டைவிரலைப் பென்சிலின் மேல் சுற்றி இறுக்கிப் பிடித்தான், நகங்கள் வெளுத்துப்போயின. மற்றொரு கை மடியிலேயே கிடந்ததால் நோட்டு நழுவிக்கொண்டிருந்தது. 8 என்பது அவனுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்டங்கள். 9 கீழிருந்து மேலே போகிறது. தாளைத் திருப்பித் தடவினால் எண்கள் எல்லாம் புடைத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி என்ற குறியும் நட்சத்திரமும் இருந்தன, ஏனென்றால் எழுதி முடித்த 8 பார்வைக்கு 8 போலத்தான் இருக்கிறது.

எழுத எழுதத்தான் கை பழகும் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் சோதிப்பது. கை பழகும், மறுக்கவில்லை. எதைச் செய்கிறதோ அதையே பழகும். தவறான பிடியில் நூறு முறை எழுதும் கை, தவறான பிடியைத்தான் நூறு முறை பழகுகிறது. கீழிருந்து தொடங்கும் 9 ஒவ்வொரு நாளும் இன்னும் உறுதியாகக் கீழிருந்தே தொடங்குகிறது. பின்னர் அதை மாற்றுவதற்குப் பிள்ளையும் நானும் படும் பாடு கொஞ்சமல்ல. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதையொட்டி வட்டத்தையும், நான்கு வயதையொட்டிக் கூட்டல் குறியையும் பார்த்து வரைகிறார்கள். சாய்கோடுகள் சேர்ந்த முக்கோணம் ஐந்து வயதுக்குப் பிறகுதான் பலருக்கும் கைகூடுகிறது. சாய்கோடே வராத பிள்ளையிடம் 7 எப்படி வரும்? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பேரனுக்கு இன்னும் ஐந்தே ஆகவில்லை.

இடையில் ஒன்று. சிறு பிள்ளையின் மணிக்கட்டில் எலும்புகளே இல்லாதது போலக் காட்டும் எக்ஸ்ரே படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுவது உண்மைதான். ஆனால் அதனால்தான் பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று முடிவு கட்டுவது மிகை. தோள் அசையாமல் நிற்பதும், விரல்கள் தனித்தனியே இயங்குவதும், கண் சொன்னதைக் கை கேட்பதும் சேர்ந்தால்தான் எழுத்து வரும்.

எண்களை எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்துகள் 247 இருக்க, எண்களுக்குப் பத்து வடிவங்களே போதும் என்பதால், பிள்ளையின் கைக்கு ஏற்ற நல்ல தொடக்கம் அவைதான். எண்ணும் வரிசையிலேயே எழுதவும் தொடங்குவதுதான் பிழை. எண்ணும்போது ஒன்றுக்குப் பின் இரண்டு வரும். ஆனால் கைக்கு 2 கடினமானது: வளைந்து, சரிந்து, நின்று, பிறகு திரும்ப வேண்டும். 1, 0 ஆகியவற்றில் தொடங்குங்கள். 0 போடும் சுழல் கைக்கு வந்துவிட்டால் 6, 9 எளிதாகும். நேர்கோடுகளால் ஆன 4, பிறகு சாய்வுள்ள 7, அதன்பின் 2, 3, 5 என்று போய், 8-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் எண், ஐந்தாறு முறை, பெரிதாக, மேலிருந்து கீழாக. எங்கே தொடங்குகிறான், எந்தப் பக்கம் சுற்றுகிறான் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில் பென்சிலும் வேண்டாம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ ஆள்காட்டி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் செய்தது இதைத்தான். 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் விடுதியில் நடைமுறைப்படுத்தி, பின்னர் இங்கிலாந்து வரைக்கும் கொண்டுபோனார். நாம்தான் அதை விஜயதசமி அன்று ஒரு நாள் சடங்காக்கிவிட்டு, மறுநாளே கட்டம் போட்ட நோட்டைக் கையில் திணிக்கிறோம். அடுத்ததாக, சுவரில் தண்ணீர் தொட்ட தூரிகையால் பெரிய பெரிய எண்கள். நின்றுகொண்டு எழுதும்போது தோளும் மணிக்கட்டும் தாமாகவே சரியான நிலைக்கு வருகின்றன. பிறகு சிலேட்டும் உடைந்த பலப்பமும். துண்டு சிறியதாக இருந்தால் விரல்நுனிகளால் மட்டுமே பிடிக்க முடியும் என்பதால், பென்சிலுக்கு மாட்டும் விலையுயர்ந்த ரப்பர் பிடிகளைவிட இது மேல். பலப்பத்தைத் தின்னும் பிள்ளை என்றால் அதட்டிவிட்டு விடாதீர்கள். இரத்தசோகை இருக்கிறதா என்று குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் பரண் மேலிருந்து இறக்குங்கள். ஒரு குழியின் காய்களை அள்ளி உள்ளங்கையில் அடக்கி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போடுவது, நாங்கள் சிகிச்சை அறையில் பாசிமணிகளைக் கொடுத்துச் செய்ய வைக்கும் அதே பயிற்சி. கூடவே எண்ணிக்கையும் வந்துவிடுகிறது. கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு உருட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் இதில் அடங்கும். தானாகச் சாப்பிடுகிறானா என்று நான் கேட்டால் பல பெற்றோருக்குக் கோபம் வருகிறது. செல்போனைக் காட்டிக்கொண்டே நான்கு வயது வரை ஊட்டிவிட்டு, ஐந்து விரல்களைக் குவித்துச் சோறு எடுக்கத் தெரியாத கையில் பென்சிலைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

சில எச்சரிக்கைகள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் வேர்க்கடலை, மணி, புளியங்கொட்டை எதையும் கொடுக்காதீர்கள். பெரிய பிள்ளையானாலும் பக்கத்திலேயே இருங்கள். மூச்சுக்குழாயில் சிக்கும் கடலை உயிருக்கே ஆபத்து. கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். அப்போது எழுதுவது உங்கள் கைதான். புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் பிள்ளை புள்ளிக்குப் புள்ளி நின்று போவதால், எண்ணின் ஓட்டம் கைக்கு வருவதே இல்லை. அந்தப் பயிற்சித் தாள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். "பீச்சாங்கையால் எழுதாதே" என்று கையை மாற்றாதீர்கள். உட்கார்ந்து எழுதினால் பாதம் தரையிலோ ஒரு மணைக்கட்டையிலோ பதிந்திருக்க வேண்டும். கை வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள்.

2, 3, 7, 9 ஆகியவற்றைத் திருப்பிப் போடுவது இந்த வயதில் இயல்பு. ஏழு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் பார்க்கலாம். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றொன்றைத் தொங்கவிடும் பிள்ளை, பொருளைப் பிடிக்கும்போது கை நடுங்கும் பிள்ளை, வந்த திறமையை இழக்கும் பிள்ளை ஆகியோரைக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள். தனியாரிடம் செலவழிக்க வழியில்லை என்றால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.