சாலையில் அடித்தவர் போலீஸ் என்றால் வழக்கே கிடையாதா?

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை மூட்டை சுமக்கும் 23 வயது இளைஞர் ஒருவர், சென்ற வாரம் தன் தாயாரோடு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். வேலை முடிந்து விடிகாலையில் பைக்கில் வீடு திரும்பும்போது, பின்னால் வந்த கார் ஓயாமல் ஹாரன் அடித்திருக்கிறது. குழாய் பதிப்பதற்காகச் சாலையோரம் தோண்டிக் கிடந்ததால் அவரால் ஒதுங்க முடியவில்லை. கார் முந்திச் சென்று குறுக்கே நின்றது, டி-சர்ட் அணிந்த ஒருவர் இறங்கி, "நான் யாருன்னு தெரியுமாடா?" என்று கேட்டபடியே இடது காதோடு சேர்த்து அறைந்துவிட்டு, வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இளைஞர் உடனே 100-க்கு அழைத்தார். வந்த ரோந்து வண்டிக்காரர்கள் டி-சர்ட்காரருக்கு வணக்கம் வைத்துவிட்டு, அழைத்தவரையே ஏற்றிக்கொண்டு போனார்கள். பிற்பகல் வரை நிலையத்தில் உட்கார வைத்து, 'குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என் தவறு, யார்மீதும் எனக்குப் புகார் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இது நடந்து 19 நாள் கழித்துத்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். இந்த ஆண்டில் இதே வகையில் என்னிடம் வந்த மூன்றாவது வழக்கு இது. மூவரும் தாமதமாகவே வந்தார்கள், மூவரும் சொன்ன காரணமும் ஒன்றே. அந்தத் தாயார் அதை இப்படிச் சொன்னார்: "அய்யா, போலீசோட மல்லுக்கு நின்னு நாம பொழைக்க முடியுமா? அவங்க மேல கேஸே போட முடியாதாம்ல. சாவிய மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, போதும்."

'கேஸே போட முடியாதாம்' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். டீக்கடையில், உறவினர் வீட்டில், சில வேளை நிலையத்து வாசலிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். காவலர் 24 மணி நேரமும் பணியில் இருப்பவர், எனவே அவர் செய்வதெல்லாம் அரசுப் பணி, எனவே அரசு அனுமதியின்றி அவர்மீது வழக்கு இல்லை என்று அது மூன்று படியாக இறங்கி வருகிறது. மூன்று படியுமே பிழையானவை.

காவலர் எப்போதும் பணியில் இருப்பவர் என்பதற்கு, எந்த நேரத்தில் அழைத்தாலும் பணிக்கு வரக் கடமைப்பட்டவர் என்பதும், கண்முன் ஒரு குற்றம் நடந்தால் சீருடை இல்லாவிட்டாலும் தலையிடலாம் என்பதுமே பொருள். அவர் தன் சொந்தக் காரில் சொந்த வேலையாகப் போகும்போது வருகிற கோபம் அரசின் கோபமாகிவிடாது. வழிவிடவில்லை என்பதற்காக ஒருவரை அறைவது காவல் பணியின் எந்தப் பகுதியிலும் சேராது. அந்த இடத்தில் அவர் உங்களையும் என்னையும் போன்ற ஒரு வாகன ஓட்டி மட்டுமே. சொல்லப்போனால், சட்டம் அவரிடம் கூடுதலாகவே எதிர்பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 210பி பிரிவின்படி, அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பில் இருப்பவரே அதை மீறினால் அபராதம் இரட்டிப்பாகும். இந்தப் பிரிவைப் பற்றிச் சொன்னால் என் கட்சிக்காரர்களில் பாதிப்பேர் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்தது அரசின் முன் அனுமதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218-ஆம் பிரிவாக இருக்கிறது. பொது ஊழியர் தம் கடமையைச் செய்யும்போது, அந்தக் கடமையோடு நியாயமான தொடர்புள்ள ஒரு செயலுக்காக வீண் வழக்கில் இழுபடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கூட்டத்தைக் கலைக்கும்போது ஒரு காவலர் அளவு மீறித் தடியடி நடத்தினார் என்பது போன்ற புகாரில், இந்தப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று நீதிமன்றத்தில் வாதிட இடமிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட புகாரிலும்கூட, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொள்ளும் கட்டத்தில்தான் அனுமதி தேவைப்படுகிறது. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி தந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. இவ்வளவும் கடமை சார்ந்த செயலுக்கு. சாலையில் சொந்தக் கோபத்தில் விழுந்த அறைக்கும் 218-க்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாததால் அந்த இளைஞர் இழந்தது 19 நாள்.

அந்த 19 நாளில் எவையெல்லாம் போயின என்று பாருங்கள். அறை விழுந்த இடத்துக்கு எதிரிலிருந்த கடையின் கேமரா பதிவு போய்விட்டது. கடைகளில் இருக்கும் பதிவுக் கருவிகள், கொள்ளளவைப் பொறுத்து ஒரு வாரத்திலோ ஒரு மாதத்துக்குள்ளோ பழைய காட்சிகளின் மேலேயே புதியவற்றைப் பதிந்துவிடும். அவருடைய செவிப்பறையில் சிறு கிழிசல் ஏற்பட்டிருந்தது. இத்தகைய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். இப்போது காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தால் ஆறிவரும் தழும்பைக் காட்டுவாரே தவிர, அது எந்த நாளில், எந்தக் கையால் வந்தது என்று சொல்ல முடியாது. அன்றே அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், 'தெரிந்த நபர் கையால் காதில் அடித்தார்' என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதிய வைத்திருந்தால், அந்த ஏ.ஆர். காப்பி ஒன்றே வழக்கின் முதுகெலும்பாக நின்றிருக்கும். அவரோ நிலையத்தில் சொல்லிக் கொடுத்தபடி, மறுநாள் ஒரு தனியார் மருத்துவமனையில் 'பைக்கிலிருந்து விழுந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து மருத்துவரிடம் பொய் சொல்லாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தச் சீட்டைத்தான்.

எழுதிக் கொடுத்த கடிதத்தை நினைத்து அந்த இளைஞர் மிகவும் அஞ்சுகிறார். அஞ்ச வேண்டியதில்லை. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை, கொடுத்தவருக்கு எதிராகக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது என்பது ஆங்கிலேயர் காலச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. குடித்திருந்தார் என்றால் மூச்சுச் சோதனை எங்கே? 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தது என்று சோதனை காட்டினால்தான் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். ஒருவர் கையால் எழுதி வாங்குவது சோதனை ஆகாது. 'புகார் இல்லை' என்று எழுதியதும் பின்னாளில் புகார் கொடுப்பதைத் தடுக்காது. 'சும்மா விசாரணைக்குத்தான் உட்கார வைத்தோம்' என்ற ஒரு நிலையும் சட்டத்தில் கிடையாது: எழுந்து போக விடாவிட்டால் அது அடைத்து வைத்தல்தான். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். கைதின்போது பின்பற்ற வேண்டியவற்றை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளைகளாக வகுத்துக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது.

எனவே, இப்படி நடந்தால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். திருப்பி அடிப்பது, அவர் கைப்பேசியைத் தட்டிவிடுவது, கெட்ட வார்த்தையில் ஏசுவது ஆகியவற்றில் ஒன்றைச் செய்தாலும், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்ற எதிர்வழக்கு அன்று மாலைக்குள் தயாராகிவிடும். அதன்பின் என் உழைப்பில் பாதி உங்களுக்கு ஜாமீன் வாங்குவதில் போய்விடும். அடித்தவர் காவலராகவே இருந்தாலும் 100-க்கோ 112-க்கோ அழையுங்கள். கார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; கண்ணாடியில் ஒட்டிய 'போலீஸ்' ஸ்டிக்கர் எண் ஆகாது. படம் எடுத்தால் மூலக் கோப்பை அப்படியே கைப்பேசியில் வைத்திருங்கள். பாட்டுச் சேர்த்து, வெட்டி ஒட்டி, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டபின் அதையே சான்றாகக் கொண்டுவருகிறவர்களிடம் நான் என்னதான் சொல்வது? மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலக் கருவியும் மூலக் கோப்பும் வேண்டும். அருகிலுள்ள கடைக்காரரிடம் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள்.

புகாரில் 'அறைந்தார்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். எளிய காயம் மட்டும் என்றால், நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை விசாரிக்க முடியாத வகையில் அது சேரும். குறுக்கே வண்டியை நிறுத்தி வழிமறித்ததையும், நிலையத்தில் போகவிடாமல் உட்கார வைத்ததையும் எழுதினால், அவை காவல்துறை உடனே வழக்குப் பதிய வேண்டிய குற்றங்கள். சாவியைப் பிடுங்கியதையும் விடாதீர்கள். நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே, ஒன்றையும் கூட்டாமல் எழுத வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், அது மனு பெற்றுக்கொண்டதற்கான சான்று, முதல் தகவல் அறிக்கை அன்று. பதிய மறுத்தால், மாநகரம் என்றால் ஆணையருக்கும் ஊரகம் என்றால் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.

நிலையத்துக்குள் நடந்தவற்றுக்கும் சான்று உண்டு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, 1 டெராபைட் வன்தட்டு இருந்தும் காட்சிகள் அன்றன்றே அழியும்படி அமைத்திருந்ததை விசாரணைக்குப் போன நடுவர் கண்டறிந்தார். தடயங்களைக் காக்க அந்த நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. 2025 ஜூனில், மதுரைக்கு அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கில், ஒருவர் மறைந்திருந்து எடுத்த கைப்பேசிக் காட்சி எவ்வளவு பெரிய சான்றாயிற்று என்பதை நாம் பார்த்தோம். சாலையில் விழும் ஓர் அறையையும் அந்த மரணங்களையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. ஆனால் கேட்பாரில்லை என்ற துணிவு சாலையில்தான் முதலில் பழகுகிறது என்பதை இத்தனை ஆண்டு வழக்குகளில் கண்டிருக்கிறேன்.

அடித்தவரை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நிறைவடைந்து வழக்கைக் கைவிடுகிறவர்களும் உண்டு. இடமாற்றம் தண்டனையன்று, பணியிடை நீக்கமும் தண்டனையன்று. துறை விசாரணைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்பட்டதா, விசாரணை அதிகாரி யார், உங்களைச் சாட்சியாக அழைத்தார்களா என்று எழுதிக் கேளுங்கள்.

காவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் என் நண்பர்கள். வார விடுப்புக்கு 2021-இல் அரசாணை வந்தும் பலருக்கு அது கைக்கு எட்டவில்லை என்பதும், உறக்கமற்ற உடம்போடு திருவிழாக் கூட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் களைப்புக்கான தீர்வைத் துறையிடம் கேளுங்கள், நாங்களும் உங்களோடு சேர்ந்து கேட்கிறோம். பூ மூட்டை தூக்கிவிட்டு வருகிற பிள்ளையும் இரவெல்லாம் உறங்காதவன்தான். உடன் பணியாற்றுபவர் சாலையில் தவறு செய்துவிட்டு உங்களை அழைத்தால், அவருக்காக அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அந்த வினாடியில் அவருடைய தவறு உங்களுடையதுமாகிறது.

அந்த இளைஞர் என்னிடம் திரும்பத் திரும்ப நொந்துகொண்டது ஒன்றைத்தான்: "நானே 100-க்குக் கூப்பிட்டு நானே மாட்டிக்கிட்டேன் சார்." அவர் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான் என்று அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. குடித்திருந்தவர் தானே போலீசை அழைத்ததாக எந்தக் கதையும் பொருந்தாது. யார் முதலில் உதவி கேட்டார், எந்த நிமிடத்தில், எந்த இடத்திலிருந்து என்பதெல்லாம் அந்த அழைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவையும் நிலையக் கேமராவின் அன்றைய காட்சிகளையும் அழிக்காமல் வைக்கக் கோரும் கடிதத்தை, அவருடைய கையெழுத்தோடு அன்று மாலையே விரைவுத் தபாலில் சேர்த்துவிட்டோம். ஒப்புகை அட்டை நேற்று வந்தது.