பிக்கப் இல்லையா? பானெட்டைத் திறக்கும் முன் காலடியைப் பாருங்கள்

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது, இன்ஜின் போயிடுச்சு போல" என்று போன மாதம் ஒருவர் காரைக் கொண்டுவந்து விட்டார். டிரைவர் பக்கம் குனிந்து ஆக்ஸிலேட்டரைக் கையால் அமுக்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. பழைய மேட்டின் மேலேயே தடிமனான புது மேட் போட்டிருந்தார். அது பெடலுக்கு அடியில் சுருண்டு முட்டுக்கொடுத்திருந்தது. உருவிக் கையில் கொடுத்தேன், வேலை முடிந்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. அந்த மேட் பெடல் மேல் ஏறி மாட்டிக்கொண்டால், காலை எடுத்தாலும் வேகம் குறையாது. மேட் பெடலில் சிக்கும் ஆபத்துக்காகவே 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போது அப்படிச் சிக்கினால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். பதறிப்போய்ச் சாவியை மட்டும் உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

மேட் சரி என்றால் அடுத்து நான் சந்தேகப்படுவது கிளட்ச். காலி ரோட்டில் நாலாவது கியரில் 50-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று எகிறி, வண்டியின் வேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீசல் வண்டி கரும்புகை கக்கி, 'உஸ்' சத்தமும் கேட்டால் டர்போ ஹோஸைப் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் குழாய்) பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வண்டி இழுக்காது, அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? முதலில் கருவியை மாட்டி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் எந்தப் பார்ட்ஸையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டியில் ஒன்றுமே இல்லாமல், ஓட்டுவதில் கோளாறு இருப்பதும் உண்டு. 30-ல் போய்க்கொண்டு, கியர் ஐந்தில் கிடக்க, பெடலைத் தரையோடு மிதித்தால் இன்ஜின் திணறத்தான் செய்யும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் போய்க் கியர் தேடுகிறவர்தான் அங்கே நின்றுவிடுவார். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். அப்புறம் குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், அது பாட்டுக்கு ஏறும்.