ஆண் குழந்தை பிறக்க லேகியம் கொடுத்தாலும் குற்றம்தான்

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை என்ற பலகை எல்லா ஸ்கேன் சென்டரிலும் தொங்குகிறது. அதனாலோ என்னவோ, சட்டம் ஸ்கேனோடு முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ‘கருவே உண்டாகவில்லை, எதையும் கலைக்கவும் இல்லை. முன்கூட்டியே பையனாகப் பார்த்துக்கொண்டால் என்ன தப்பு?’ என்று கேட்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. இந்தியாவில் அதுவும் குற்றம்.

1994-இல் இயற்றி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம், கருவுற்ற பிறகு செய்யும் சோதனைகளைத்தான் கட்டுப்படுத்தியது. மருத்துவம் அதைத் தாண்டிப் போய்விட்டது. பெண் குழந்தையைத் தரும் எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணுவில், ஆண் குழந்தையைத் தரும் ஒய் உள்ளதைவிட டிஎன்ஏ சுமார் 2.8 சதவீதம் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே இரண்டையும் பிரிக்கிறார்கள். ஐவிஎஃப் சிகிச்சையில் கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதித்து, வேண்டியதை மட்டும் கருப்பையில் வைக்கவும் முடியும். டாக்டர் சாபு ஜார்ஜும் இரண்டு தொண்டு அமைப்புகளும் இவற்றையும் தடுக்கக் கோரி 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2003 திருத்தத்தில் ‘கருத்தரிப்புக்கு முன்’ என்பது சட்டத்தின் பெயரிலேயே ஏறியது.

அந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பாலினத் தேர்வு என்றால் என்ன என்று சொல்லியிருக்கும் விதம். குறிப்பிட்ட பாலினக் கரு உருவாவதை உறுதிப்படுத்த, அல்லது அதற்கான வாய்ப்பைக் கூட்ட, எந்தச் சிகிச்சை செய்தாலும், எதை எழுதிக் கொடுத்தாலும், எதைக் கையில் கொடுத்தாலும் அது பாலினத் தேர்வு. ‘கேரண்டி இல்லைங்க, சான்ஸ்தான் அதிகம்’ என்று நழுவ வழியில்லை. ஆண் வாரிசுக்கென்று விற்கும் லேகியமும் மாட்டும். அது பலிக்காது என்பது வேறு விஷயம்.

செய்கிற மருத்துவருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால் மருத்துவப் பதிவும் 5 ஆண்டுக்குப் போய்விடும். கேட்டுப் போகிற குடும்பத்துக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அபராதம் 50,000 வரை. போலீஸ் நேரடியாக ஜாமீனில் விடவும் முடியாது. ஆனால் கர்ப்பிணி மனைவி சோதனைக்கு வந்தால் சட்டம் வேறு மாதிரிப் பார்க்கிறது: கணவரோ உறவினர்களோ கட்டாயப்படுத்தித்தான் வந்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

‘இரண்டு பெண் இருக்கிறார்கள், மூன்றாவது பையனாக இருக்கட்டுமே’ என்ற வாதமும் எடுபடவில்லை. அப்படிக் கேட்ட ஒரு தம்பதியின் மனுவை மும்பை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது.

2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இன்னும் கடுமை. பாலினத் தேர்வு வசதி இருப்பதாக ஒரு கிளினிக் விளம்பரம் செய்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா போல பாலினத்தோடு ஒட்டி வரும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் கருவின் பாலினத்தைச் சோதிக்க விலக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மரபணு ஆலோசகரிடம் தாராளமாகப் பேசலாம்.

சரி, யாராவது இப்படிச் செய்வது தெரிந்தால்? தமிழ்நாட்டில் மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் இருப்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு நீங்களே நேரடியாக வழக்குப் போடலாம். புகார் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.