மாமா வேறு, மம வேறு

போன கிழமை ஒரு அம்மாவும் மகனும் மூதூர்ப் பக்கமிருந்து மொழிபெயர்ப்பாளனான என்னிடம் வந்தார்கள். பிளாஸ்டிக் கோப்புக்குள் பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, முழுக்கச் சிங்களத்தில். சட்டத்தரணி அதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டாராம். வாசித்துக்கொண்டே போன நான் நான்காவது வரியில் நின்றேன்.

“தம்பி, நீர்தான் அடிச்சனீரா?”

“ஐயோ, இல்லை ஐயா. மாமாதான் அடிச்சவர். அப்படித்தானே சொன்னனான்!”

சொல்லியிருக்கிறார். ஆனால் தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், பயத்தில், அவசரத்தில். ‘மாமா கெஹுவா’ என்பது வாயில் குறுகி ‘மம கெஹுவா’ ஆகிவிட்டது. சிங்களத்தில் ‘மம’ என்றால் நான். ‘மாமா’ என்றால் நம்முடைய மாமாவேதான். எழுத்தில் இரண்டு கால் மட்டும்தான் வித்தியாசம். அந்தத் துணைக்கால் குறியை அவர்கள் ‘எலபில்ல’ என்பார்கள். தமிழில் இப்படி வாய் தவறினாலும் ‘அடித்தேன்’, ‘அடித்தார்’ என்று வினைச்சொல் வந்து காப்பாற்றிவிடும். பேச்சுச் சிங்களத்தில் நான் அடித்தாலும் மாமா அடித்தாலும் அதே ‘கெஹுவா’தான். எழுதியவர் அதை எழுத்து நடைக்கு மாற்றி, ‘நான் அடித்தேன்’ என்று இலக்கணச் சுத்தமாகவே எழுதிவைத்திருக்கிறார். பிறகு வேகமாக வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். தம்பி ‘ஹரி, ஹரி’ என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்த வருடம் இது முதலாவது அல்ல. அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

‘அம்மா’ இரண்டு மொழியிலும் அம்மா. ‘அக்கா’ இரண்டிலும் அக்கா. நம்முடைய ‘சரி’ அவர்களிடம் ‘ஹரி’. இந்த மூன்றும் பொருந்திவிட்டால் போதும், மிச்சமும் அப்படித்தான் என்று நம்மவர்களுக்கு ஒரு துணிவு வந்துவிடுகிறது. நாலாவது சொல்லில் விழுகிறார்கள். ‘மல்லி’ என்று கூப்பிட்டால் அங்கே தம்பி திரும்பிப் பார்ப்பார். கறிக்குப் போடுவது ‘கொத்தமல்லி’ என்று முழுதாகச் சொன்னால்தான் வரும். ‘கொல்லா’ என்றால் பையன். ‘பையன் வந்தான்’ என்பதைப் பேச்சில் ‘கொல்லா ஆவா’ என்பார்கள். அதையே ‘கொல்ல வா’ என்று கேட்டதாக ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார்!

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் எண்ணம்தான் எனக்கு ஆத்திரம். சத்தம் ஒன்றென்றால் பொருளும் ஒன்று, வேரும் ஒன்று என்ற எண்ணம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கந்தோருக்கு அடிக்கடி வருவார். ஆங்கிலத்தின் ‘எய்ட்’ நமது ‘எட்டு’விலிருந்து போனது என்று பிடிவாதம். ஐயா, ‘எய்ட்’டின் சொந்தக்காரர்கள் ஜேர்மனியின் ‘அஹ்ட்’, இலத்தீனின் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தின் ‘அஷ்ட’. அது அஷ்டமிக்கு உறவு. நம்முடைய எட்டின் பழைய உருவம் ‘எண்’. எண்பது, எண்ணூறு என்று சொல்லும்போது அது இன்னும் வெளியே தெரிகிறதே! வேரை விட்டுவிட்டு நுனியைப் பார்த்து உறவு கொண்டாடுகிறோம். ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. அதற்காக அவர்கள் முறை மாறிப்போனவர்களா?

அந்த ஆசிரியர் எட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததே வாங்கில் உட்கார்ந்துதான். பக்கத்துப் பள்ளிவாசலில் வாங்கு சொன்னார்கள். வெளியே ஒரு பெண் பிள்ளையிடம் ‘அதை வாங்கு’ என்றார். உட்காரும் வாங்கு போர்த்துக்கீசரின் ‘பாங்கோ’. தொழுகைக்கு அழைக்கும் வாங்கு பாரசீகத்து ‘பாங்’. மூன்றாவது மட்டும் நம்முடையது. ஒரே தமிழுக்குள்ளேயே இந்த நிலைமை. (கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை.)

சிங்களத்தில் ‘நய’ என்றால் கடன், ‘நயா’ என்றால் நாகபாம்பு, ‘நேயா’ என்றால் உறவினர். மூன்றுக்கும் மூன்று மூலம்: ருணம், நாகம், ஞாதி. கடன் தந்த நேயா பிறகு நயாவாக மாறுவது வேறு கதை.

நானும் சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கிண்ணியாவிலிருந்து ஒரு சத்தியக்கடதாசி. ‘நகை தாத்தாவிடம் இருந்தது’ என்று ஒரு வரி. நான் சிங்களத்தில் பாட்டனார் என்று எழுதிவிட்டேன். அந்தப் பெண் சொன்னது தன் மூத்த சகோதரியை. முஸ்லிம் வீடுகளில் ராத்தாவைத் தாத்தா என்றும் கூப்பிடுவார்கள். அதே சொல்லை அப்படியே சிங்களத்தில் எழுதியிருந்தால் அப்பா ஆகியிருக்கும். ஒரு டவுணுக்குள் மூன்று தாத்தா! நல்லவேளை, அவர் கையெழுத்துப் போட முன்பு திருப்பி வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து உறவுச்சொல் வந்தால் நான் பேனாவை வைத்துவிட்டு, யார், பெயர் என்ன, எந்த வழி உறவு என்று கேட்ட பிறகுதான் தொடருவேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ‘மாமா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவின் தம்பி இன்னார் என்று முழுப்பெயரோடு சொல்லுங்கள். அரைகுறைச் சிங்களத்தைச் சந்தையில் பேசுங்கள், நல்லது, அங்கே பத்து ரூபாய்தான் போகும். வாக்குமூலத்துக்கு அது வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. கூட வந்த ஆட்டோக்காரத் தம்பியை மொழிபெயர்க்க விடாதீர்கள். போன் செயலிக்கு உங்கள் மாமாவைத் தெரியாது. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், மெதுவாக. விளங்காத இடத்தில் ‘ஹரி’ சொல்லாதீர்கள். தயவுசெய்து, அந்த ஒரு சொல்லையாவது அடக்கிக்கொள்ளுங்கள்.

மூதூர்த் தம்பியின் கடதாசியை உள்ளது உள்ளபடிதான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். “ஐயா, அந்த இடத்தை மட்டும் மாமா என்று போடேலாதா?” என்று கேட்டார் அம்மா. ஏலாது. என் முத்திரைக்கு மேலே இருப்பது மூலத்தில் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும். நடந்ததைத் தனிக் கடதாசியில் எழுதி, சட்டத்தரணியிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

அப்புறம், என்னிடம் வருபவர்கள் தெளிவான பிரதியைக் கொண்டு வாருங்கள். போனில் எடுத்த மங்கல் படம் வேண்டாம். அதில் எலபில்ல தெரியாது.