ஊசி துள்ளிய அந்த நொடி

1831 ஆகஸ்ட் 29. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ஃபாரடேயின் மேசைமேல் 6 அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் ஒரு செம்புக் கம்பிச்சுருள், மறுபாதியில் இன்னொன்று. அது உறை போடாத வெறும் கம்பி. சுற்றுக்குச் சுற்று இடையில் நூலை ஓடவிட்டு, அடுக்குக்கு அடுக்கு துணி வைத்துச் சுற்றியிருந்தார். கொல்லர் மகன், 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வளையத்தில் பைண்டிங் பழகிய கை தெரிகிறது என்றே எனக்குத் தோன்றும்.

இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவில்லை. முதல் சுருளைப் பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளின் கம்பி, 3 அடி தள்ளியிருந்த ஒரு காந்த ஊசிக்கு மேலே போனது. அந்த ஊசி சட்டென்று துள்ளியது, கொஞ்சம் ஆடியது, பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. முதல் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஊசியில் அசைவே இல்லை. இணைப்பைப் பிடுங்கினார். மறுபடி ஒரு துள்ளல்!

மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இலேயே டென்மார்க்கின் ஊர்ஸ்டெட் காட்டியிருந்தார். அப்படியென்றால் காந்தத்திலிருந்து மின்சாரம் வர வேண்டுமே என்று பலரும் தேடினார்கள். ஃபாரடேயே 1825இல் முயன்று தோற்றவர்தான். அதே ஆண்டில் ஜெனீவாவில் கொலாடோன் என்ற விஞ்ஞானி சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். காந்தம் நேரடியாக ஊசியை இழுத்துவிடக் கூடாதே என்று அளவுகருவியை அடுத்த அறையில் வைத்திருந்தார். அவர் நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் ஊசி அடங்கிவிட்டது. அவரது கவனமே அவரை ஏமாற்றிவிட்டதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் வராது. சுருளின் ஊடாகப் போகும் காந்தப்புலம் கூடவோ குறையவோ வேண்டும். அந்த மாற்றம் நடக்கிற வரைக்கும்தான் மின்சாரம். 1831 அக்டோபர் 17இல் ஃபாரடே காகிதக் குழாய்மேல் கம்பி சுற்றி, அதற்குள் ஒரு காந்தத் தண்டை வேகமாக நுழைத்தார்: ஊசி ஒரு பக்கம் துள்ளியது. வெளியே இழுத்தார்: எதிர்ப்பக்கம். பேட்டரியே தேவைப்படவில்லை. டைனமோ வைத்த சைக்கிளில் இரவில் போனவர்களுக்கு இது கால் வழியே தெரியும். மெதுவாக மிதித்தால் வெளிச்சம் மங்கும், சக்கரம் நின்றால் விளக்கும் அணையும்.

தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பதும் அந்த வளையத்தின் வாரிசுதான்: இரும்பு, அதன்மேல் சுருள்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவதால், ஒரு சுருளின் மாற்றம் அடுத்ததில் ஓயாமல் மின்சாரத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து நிற்பதைப் பார்த்து, விசைக்கோடுகளாகவே யோசித்தார். கம்பி அந்தக் கோடுகளை வெட்டினால் மின்சாரம், அவ்வளவுதான் அவர் கணக்கு. பிற்பாடு இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அதைச் சமன்பாடுகளாக எழுதினார்.

சரி, ஒரு துள்ளலோடு அடங்கிவிடும் மின்சாரத்தை வைத்து என்ன செய்வது? அக்டோபர் 28இல் 12 அங்குலச் செம்புத் தட்டு ஒன்றை ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சுழலவிட்டார். தட்டின் அச்சில் ஒரு கம்பி, விளிம்பை உரசியபடி இன்னொன்று. இந்தத் தடவை ஊசி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தட்டு விசைக்கோடுகளை வெட்டியபடி சுழன்ற நேரம் முழுக்க ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது.