பசுமை கூடினால் புல்வெளி பிழைத்ததா?

பெங்களூரை ஒட்டி மிச்சமிருக்கும் பெரிய புல்வெளி ஹெசரகட்டா. சுமார் 5,000 ஏக்கர். கோடையில் பார்த்தால் காய்ந்த பொட்டல் போலத்தான் இருக்கும். நம்மவர்களே அங்கே போய்வந்து "ஒரு மரம்கூட இல்லையே" என்று வருத்தப்படுவார்கள். ஆனால் குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகள் இரவில் தங்குவது மரத்தில் அல்ல, புல்லுக்குள் தரையில்தான். அங்கே தோப்பு வளர்த்தால் அவற்றுக்கு இடம் போய்விடும்.

இப்படிப்பட்ட நிலம் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். 1972-இல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனதிலிருந்து படங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2008 முதல் அவை எல்லோருக்கும் இலவசம்.

இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்திசு திருப்பி அனுப்பிவிடும். செயற்கைக்கோள் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. அடர்ந்த இலைக்கூட்டம் 1-ஐ நெருங்கும். வெறும் மண் 0-க்குச் சற்று மேலே நிற்கும்.

சிக்கலும் இங்கேதான். புல்வெளியில் தைலமரத் தோப்பு போட்டால் குறியீடு ஏறும். வரைபடத்தில் பசுமை கூடியிருக்கும், புல்வெளி செத்திருக்கும். ஒரு நாள் படத்தை மட்டும் பார்ப்பவர் இதை வளர்ச்சி என்றே எழுதிவிடுவார்.

அதனால் ஆண்டு முழுதும் பார்க்கவேண்டும். ஹெசரகட்டா புல் மழைக்குத் துளிர்த்து, மழைக்காலம் முடியும் வாக்கில் உச்சம் தொட்டு, பிப்ரவரி, மார்ச்சில் படுத்துவிடும். தைலமரம் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். வயல் அறுவடையோடு சட்டென்று விழும். வீடு கட்டிய இடத்தில் ஏற்றமே இருக்காது. இந்த ஏற்ற இறக்கம்தான் புல்லைக் காட்டிக்கொடுக்கிறது.

பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான படங்களை ஆராய்ந்தபோது, புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது தெரிந்தது. அழித்தவை பெரும்பாலும் சீகை, தைலமரம், பைன் தோட்டங்களும் விவசாயமும். மரம் நட்டதாலேயே ஒரு நிலம் அழிந்தது என்பதை ஏற்க நமக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, எவ்வளவு சின்ன மாற்றம் வரை தெரியும்? 1980-களிலிருந்து வரும் லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். பெங்களூர்க் கணக்கில், 30-க்கு 40 அடி வீட்டுமனைகள் (சைட்டுகள்) எட்டு ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். புல்வெளி ஓரத்தில் ஒற்றை வீடு முளைத்தால் பெரும்பாலும் தெரியாது. 2015-இல் வந்த ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2-இன் படத்தில் புள்ளி 10 மீட்டர்தான்; ஒரு சைட்டைவிடக் கொஞ்சம் சிறியது.

நலிவைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். மேய்ச்சல் மிஞ்சினால் புல்லின் உச்சம் ஆண்டுக்கு ஆண்டு தாழும். மழை பொய்த்தாலும் தாழும். ஆகவே அந்தந்த ஆண்டின் மழைக்கு வரவேண்டிய பசுமை வந்ததா என்று ஒப்பிடுகிறார்கள். நல்ல மழை பெய்தும் வரவில்லை என்றால் கோளாறு நிலத்தில்தான். அப்புறம், உண்ணிச்செடி பரவிய இடமும் படத்தில் பச்சையாகவே தெரியும். அங்கே நிற்பது புல்லா, களையா என்று பார்க்க ஆள் நடந்துதான் போகவேண்டும்.